சின்ன ரீஃப் தொட்டிக்கு எந்தப் பாறை, எந்த விளக்கு?

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது விளக்கைத்தான். எத்தனை வாட், எவ்வளவு நீலம், எந்த மாடல் என்று வாரக்கணக்கில் தேடுவார்கள். பாறை என்று வரும்போது "எத்தனை கிலோ வேண்டும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம். விளக்கு சரிப்படவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். பாறை அப்படியில்லை. அதன் மேல் பவளம் பற்றி வளர்ந்த பிறகு ஒரு கல்லை எடுக்கப் போனால் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும்.

அதற்காக இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யவும் முடியாது. ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதை வைத்துத்தான் பாறையில் எந்த முகடு வெயில், எந்தப் பொந்து நிழல் என்பது அமையும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 35. பெருக்கினால் 63 லிட்டர். மணலும் பாறையும் போக, விளிம்புக்குக் கீழே விடும் இடமும் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் 50 லிட்டர் அளவுதான். 300 லிட்டர் தொட்டி தாங்கிக்கொள்ளும் தவறை இந்த 50 லிட்டர் தாங்காது. செத்த ஒரு நத்தையைக் கவனிக்காமல் விட்டால் போதும், மறுநாள் தண்ணீரில் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாறையை நீங்களே கட்டுங்கள், விளக்கைக் கடையில் தயாராகக் கிடைப்பதாக வாங்குங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

எந்தப் பவளம் என்பது முதலில்

பவளத்தின் தசைக்குள் சூஸாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெருமளவு வாழ்கிறது. ஆக நாம் வாங்கும் விளக்கு நமக்கான அலங்காரமாக இருந்தாலும் பவளத்துக்கு அது சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை அளக்கும் அளவுதான் பார் (PAR). ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்ற கணக்கு அது.

காளான் பவளம், லெதர், சோவாந்திட் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 120 வரை பார் போதும். ஹாமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் (பவளத்தின் ஒவ்வொரு தனி உயிர்) கொண்ட கல்பவளங்கள், அதாவது எல்.பி.எஸ்., 80 முதல் 150 வரை கேட்கும். அக்ரோபோரா போன்ற சின்ன பாலிப் கல்பவளங்கள், எஸ்.பி.எஸ்., 200-க்கு மேல், சில 300-ஐயும் தாண்டிக் கேட்கும். முதல் தொட்டி, அதுவும் 50 லிட்டர் என்றால், மென்பவளமும் எல்.பி.எஸ்.ஸும் கலந்தது என்று வைத்துக்கொள்வது நல்லது. எஸ்.பி.எஸ். பவளங்கள் காரத்தன்மையையும் கால்சியத்தையும் வேகமாக உறிஞ்சும். சின்ன நீரளவில் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து நிறுத்துவது தினசரி வேலையாகிவிடும்.

லைவ் ராக், ட்ரை ராக், நாமே வார்ப்பது

1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும், அதாவது லைவ் ராக்கையும், காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பிப் பவளத் தொட்டி நடத்திக் காட்டினார். வடிகட்டியின் வேலையைப் பாறையே செய்தது. பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். துளைகளுக்குள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இன்றும் ரீஃப் தொட்டியின் அடிப்படை இதுதான்.

லைவ் ராக்கின் பெரிய பலம் அதில் வரும் உயிர்க்கூட்டம். ஊதா நிறச் சுண்ணப்பாசி, கடற்பஞ்சு, கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரி, சின்னப் புழுக்கள் எல்லாம் சேர்ந்து வரும். தொட்டி சீக்கிரம் முதிர்ச்சி அடையும். நல்ல லைவ் ராக்கை மூக்கே சொல்லிவிடும். தண்ணீரிலிருந்து எடுத்து முகர்ந்தால் கடற்கரை வாசம் வர வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் வழியிலேயே பாதி உயிர் செத்திருக்கிறது என்று அர்த்தம். அதை நேரே தொட்டியில் போட்டால் அம்மோனியா எகிறும்.

கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். ஐப்டேசியா என்ற கண்ணாடி போன்ற கடற்சாமந்தி ஒன்று வந்தால் சில மாதங்களில் இருபதாகும், பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். மேண்டிஸ் இறால் வந்தால் இரவில் பாறைக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் அது ஒரு நத்தையின் ஓட்டை உடைத்துத் தின்றிருக்கும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பூச்சிகளைக் கொல்கிறேன் என்று லைவ் ராக்கை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். பாலித்தோவா வகை பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது ஆவியோடு கலந்து வீட்டிலிருந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிய சம்பவங்கள் உண்டு.

இன்னொன்று, லைவ் ராக் கடலிலிருந்து வருகிறது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கல்பவளங்களோடு அதுவும் இடம்பெறுகிறது. சில நாடுகளில் கடலிலிருந்து எடுப்பதே தடை. அதனால்தான் வெட்டியெடுத்த சுண்ணக்கல்லைக் கடலடியில் போட்டுவைத்து, உயிர் பிடித்த பிறகு எடுத்து விற்கும் வளர்ப்பு முறையும் வந்திருக்கிறது. உங்கள் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, ஆவணத்தோடு வருவதை மட்டும் வாங்குங்கள். பவளப்பாறையின் மேல் உள்ள ஆசையால் வைக்கும் தொட்டி பவளப்பாறையைக் குலைத்து வரக்கூடாது.

ட்ரை ராக் என்பது பெரும்பாலும் நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பழங்காலப் பவளப்பாறை. சுத்தம், பூச்சி கிடையாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வசதி, அவசரமே இல்லை என்பது. லைவ் ராக் கையில் வந்தால் ஈரம் காயும் முன் அடுக்கியாக வேண்டும். ட்ரை ராக்கை மேசையில் பரப்பி, ஒரு வாரம் பார்த்துப் பார்த்து, உடைத்து, துளையிட்டு, ஒட்டிக் கட்டலாம்.

அதற்கான விலையைப் பின்னால் கொடுக்க வேண்டும். முதல் சில மாதங்கள் பழுப்பு டையாட்டம், பச்சை இழை, சிவப்புச் சயனோ என்று பாசிகள் ஒன்று மாற்றி ஒன்று வரும். வெறும் கல்லில் இடம் காலி, அதனால் யார் முதலில் வருகிறாரோ அவர் குடியேறுவார். பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் விட்டுத் தொட்டியைக் கலைக்கிறார்கள். சில ட்ரை ராக்கில் பாஸ்பேட் ஊறியிருக்கும். அது மெல்லக் கசிந்து பாசிக்கு உரமாகும். இருட்டான ஒரு வாளியில் உப்புநீர், பம்ப், ஹீட்டர் போட்டு நான்கைந்து வாரம் ஊறவைத்து, பாஸ்பேட்டை அளந்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால் பாதித் தலைவலி முன்னாலேயே தீரும். ஆசிட் கழுவலையும் சிலர் சொல்வார்கள். ஆறேழு கிலோ கல்லுக்கு அந்த ஆபத்தை எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, சிமெண்ட்டோடு அராகோனைட் என்ற சுண்ண மணலும் கல்லுப்பும் கலந்து நாமே வார்ப்பது. உப்பு பின்னர் கரைந்து துளைகளை விட்டுப் போகும். வேண்டிய வடிவம் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் புது சிமெண்ட் தண்ணீரின் பி.எச்.-ஐ எங்கேயோ தூக்கிவிடும். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க விட்டாலும் பி.எச். ஏறவில்லை என்று உறுதியான பிறகே பயன்படுத்த வேண்டும். அவ்வளவு செய்தாலும் இயற்கைக் கல்லின் நுண்துளை இதில் வராது. பின்சுவருக்குச் சரி, முதுகெலும்புக்கு வேண்டாம். பீங்கான் பாறைகளும் கிடைக்கின்றன. துளை அதிகம், எடை குறைவு, ஆனால் ஒரே அச்சு என்பது பார்த்த உடனே தெரியும்.

ஆக என் தேர்வு: ஆறு முதல் ஏழு கிலோ ட்ரை ராக், அதோடு இரண்டு கைப்பிடி அளவு நல்ல லைவ் ராக். கட்டுமானம் முழுக்க ட்ரை ராக்கில். லைவ் ராக்கை ஒட்டாமல், பின்பக்கம் தண்ணீர் ஓட்டம் உள்ள இடத்தில் தனியாக வையுங்கள். அதில் ஐப்டேசியா தலைகாட்டினால் அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துவிடலாம். நாலு லிட்டருக்கு ஒரு கிலோ பாறை என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். அப்படி நிரப்பினால் தண்ணீருக்கும் பவளத்துக்கும் இடமே மிஞ்சாது.

அடுக்குவதா, ஒட்டுவதா

ஒரு பெரிய அட்டையில் தொட்டியின் அடிப்பரப்பை, 60-க்கு 30, கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. பாறை உள்கோட்டைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் கண்ணாடி துடைக்கும் காந்தம் போய்வர அந்த இடம் வேண்டும். பவளம் வளர்ந்து வெளியே வரவும் அதே இடம்தான். உயரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 35 சென்டிமீட்டர் தொட்டியில் பாறை 20-ஐத் தாண்ட வேண்டாம்.

சும்மா அடுக்கினால் எது நிலைக்கும் என்றால், சுவர் போன்ற குவியல் மட்டும். பார்க்க வெறும் கற்குவியல், பின்னால் கசடு சேரும், பம்பின் ஓட்டம் உள்ளே போகாது. ஒட்டிக் கட்டினால் மூன்று கால்களில் நிற்கும் ஒரு வளைவு, வெளியே நீளும் ஒரு தட்டு, நடுவில் மீன் நீந்திப் போகும் சந்து எல்லாம் முடியும். குறைந்த கல்லில் அதிக இடம் தெரியும்.

ஒட்டும் விதம் இது. இரண்டு கல்லும் எங்கே இயல்பாகக் கவ்விக்கொள்கின்றன என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். கவ்வும் இடத்தில் சயனோஅக்ரிலேட் ஜெல்லை (சூப்பர் க்ளூ வகைப் பசை) வைத்து அழுத்துங்கள். சுற்றியுள்ள இடுக்கில், உடைத்தபோது விழுந்த கல் தூளைத் தூவி, அதன் மேல் தண்ணியான அதே பசையை ஊற்றினால் சட்டென்று சூடாகி இறுகும். புகை மாதிரி ஒரு நெடி வரும், கண் எரியும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். இரண்டு மூன்று அடுக்கு தூவி ஊற்றினால் இணைப்பு கல் நிறத்திலேயே மறைந்துவிடும். எடை தாங்கும் இணைப்புகளுக்குப் பசையை மட்டும் நம்பாமல், துளையிட்டு 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் குச்சி செருகுங்கள். கல் உடைக்கும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

எபாக்சி மாவு ஒன்றையே வைத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது இடத்தை நிரப்பும், கல்லைப் பிடிக்காது. தண்ணீருக்குள் பவளத் துண்டை நிறுத்த, பசை, நடுவில் எபாக்சி, மறுபடி பசை என்று மூன்று அடுக்காகப் பயன்படுத்தலாம்.

அப்புறம், பாறை முதலில், மணல் பிறகு. என் முதல் தொட்டியில் நான் மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் வளைவை நிறுத்தினேன். மூன்றாம் மாதம் ஒரு கோபி மீனும் அதன் துணையான பிஸ்டல் இறாலும் வாங்கி விட்டேன். அந்த இறால் ஓயாமல் குழி தோண்டும். ஒரு நாள் நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், வளைவின் ஒரு கால் குழிக்குள் இறங்கி, மேல் கல் சரிந்து கிடந்தது. கண்ணாடி உடையவில்லை. அடியில் இருந்த ஹாமர் பவளம் நசுங்கிவிட்டது. நான்கு மாதம் தினமும் பார்த்து வளர்த்தது. பாறையின் கால்கள் அடிக்கண்ணாடியைத் தொட்டு நின்றிருந்தால் எந்த இறாலும் அதைச் சாய்த்திருக்காது.

டி5-ஆ, எல்.இ.டி.-யா

மெட்டல் ஹாலைட் என்ற பழைய வகை விளக்கைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். அதன் ஒளியும் மணலில் ஓடும் ஒளி நெளிவும் அழகுதான். ஆனால் 50 லிட்டர் தண்ணீரை அது சூடேற்றிவிடும். 25, 26 டிகிரியில் வைத்திருக்கச் சில்லர் என்ற குளிரூட்டும் கருவி தேவைப்படும்.

டி5 என்ற மெல்லிய ட்யூப் லைட்டைப் பழைய சாமான் என்று ஒதுக்குபவர்கள் அதன் கீழே வளர்ந்த பவளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். 24 வாட் ட்யூப் ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் நீளம், நம் தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி. நான்கு ட்யூப் போட்டால் ஒளி ஒரு கூரை மாதிரி எல்லாப் பக்கமிருந்தும் இறங்கும். நீட்டிய தட்டின் அடியில்கூட வெளிச்சம் எட்டும், மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு. குறை என்ன? ட்யூபின் வீரியம் குறைந்துகொண்டே வருவதால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒளியை மெல்ல ஏற்றி இறக்க பெரும்பாலானவற்றில் வசதியில்லை. ஒளி நெளிவும் கிடையாது. பாதரசம் உள்ள விளக்குகளைப் பல நாடுகள் குறைத்துவருவதால், வரும் ஆண்டுகளில் நல்ல ட்யூப் கிடைப்பதே சிரமமாகலாம். கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

எல்.இ.டி.-யின் இயல்பு வேறு. அது ஒரு புள்ளியிலிருந்து விழும் ஒளி. நேர் கீழே மிகப் பிரகாசம், ஓரம் போகப் போகச் சரிவு, துருத்திய கல்லுக்கு அடியில் கத்தி வைத்து வெட்டியது போல நிழல். எஸ்.பி.எஸ். வளர்ப்பவர்களுக்கு இது குறை. கிளையின் அடிப்பக்கம் வெளுத்துப்போகும். ஆனால் கலவையான சின்னத் தொட்டிக்கு இதையே வசதியாக மாற்றலாம். ஒரே தொட்டியில் நடு முகட்டில் 150 பார், மூலையில் 50 பார் என்றால், மூலையில் காளான் பவளம், நடுச்சரிவில் ஹாமர், முகட்டில் ஒளி விரும்பும் ஒன்று என்று எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. பாறையைக் கட்டும்போதே விளக்கு எங்கே தொங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். டி5-க்குக் கட்டும் பாறையில் தட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்கலாம். எல்.இ.டி.-க்குக் கட்டும் பாறை படிக்கட்டு மாதிரி விரிய வேண்டும், மேல் படி கீழ்ப் படியை மறைக்கக் கூடாது.

பாறையை ஒட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கு வரப்போகும் உயரத்தில் ஒரு கைவிளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, அட்டையில் நிற்கும் பாறையைப் பாருங்கள். எந்த இடம் பயனில்லாத இருட்டு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் இரண்டாவது பாறையில் வலது பக்கக் கல்லை இப்படிப் பார்த்துத்தான் பாதியாக உடைத்தேன்.

எல்.இ.டி.-யிலும் இரண்டு விதம். சில்லுகள் எல்லாம் ஒரே கொத்தாக நெருங்கியிருப்பது ஒன்று. நெளிவு அழகாக இருக்கும், நிறங்கள் நன்றாகக் கலந்து விழும். சில்லுகள் தனித்தனியாகப் பரவியிருப்பது இன்னொன்று. பரப்பு அதிகம், ஒவ்வொரு நிறத்தையும் தனியே கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் மலிவான விளக்குகளில் மணலில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டு விழும். 60 சென்டிமீட்டர் தொட்டிக்கு 40 முதல் 60 வாட் வரை உள்ள ஒரே விளக்கு, தண்ணீருக்கு மேல் 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில், ஏற்றி இறக்கும் கையில் மாட்டினால் போதும். பவளத்துக்குத் தேவையான உழைப்பில் பெரும்பகுதி 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியில் நடக்கிறது. வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்காக. சிவப்பையும் பச்சையையும் மிகக் குறைவாக வையுங்கள்.

நாமே எல்.இ.டி. விளக்கு செய்வது? செய்யலாம். சில்லு, வெப்பத்தகடு, டிரைவர், லென்ஸ், விசிறி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். கை பழகியவர் செய்தால் வேண்டிய நிறக் கலவை கிடைக்கும். ஆனால் உப்புநீர்த் தெறிப்பு விழும் இடத்தில் மின் இணைப்பு. அதோடு ஒரு சில்லு எரிந்துபோனால் தொட்டி காத்திருக்காது. பாறையில் தவறு செய்தால் கல் வீணாகும், அவ்வளவுதான். விளக்கில் தவறு செய்தால் உயிர் போகலாம். எந்த விளக்கானாலும் ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இணைப்பில் இருக்கட்டும்.

கைபேசிச் செயலியை வைத்து ஒளியை அளக்காதீர்கள். அது மனிதக் கண்ணுக்கேற்ப, பச்சைக்கு அதிக மதிப்புக் கொடுத்து அளக்கும். நீல எல்.இ.டி. அதில் மங்கலாகத் தெரியும், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஒரு நாளைக்கு மட்டும் பார் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கி, பாறையின் ஏழெட்டு இடங்களில் அளந்து எழுதிவைத்தால் வருடக்கணக்கில் உதவும். அது முடியாவிட்டால் குறைவாகத் தொடங்குங்கள். ஒளி போதாத பவளம் பழுப்பாகி, நீண்டு, உங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் கொடுக்கும். ஒளி மிஞ்சிய பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டுச் சில நாட்களில் வெளுத்து நிற்கும்.

எல்லாம் சேர்ந்து தொடங்கும்போது

பாறையை இறக்கி, மணல் பரப்பி, உப்புநீரை 1.025 அடர்த்திக்குக் கலந்து ஊற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கைந்து வாரம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும்வரை, வாங்கிய விளக்கை அணைத்தே வையுங்கள். ஆசை விடாது, தெரியும். ஆனால் பவளமே இல்லாத தொட்டியில் அந்த வெளிச்சம் பாசிக்குத்தான் போய்ச்சேரும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, உப்புநீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். பணம் மிச்சமிருந்தால் விளக்கை இன்னும் பெரிதாக்காமல், தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி ஒன்று வாங்குங்கள். இந்த அளவுத் தொட்டியில் அதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு விளக்கை முப்பது சதவீதத்தில், எட்டு மணி நேரம். முதல் பவளமாக ஒரு காளான், அல்லது சோவாந்திட், கீழ்ப்படியின் மூலையில். வாரம் ஐந்து சதவீதமாக ஒளியை ஏற்றுங்கள், வாரம் ஐந்து லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். பழுப்புப் பாசி வரும். நத்தைகளை விட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊதாப் பாசி பாறையில் எப்போது வரும் என்று தினமும் குனிந்து பார்ப்பீர்கள். அது பெரும்பாலும் பாறையில் முதலில் வராது. பம்பின் உடம்பிலோ பின்கண்ணாடியின் ஓரத்திலோ, மிளகை விடச் சின்னதாக, அழிக்க வராத ஒரு புள்ளியாகத்தான் முதலில் தெரியும். அதைச் சுரண்டிவிடாதீர்கள்.